டெண்டர் வாங்கும் வழிகாட்டிகள்: கடையில் அளக்கப்படுவதும் கடலில் கேட்கப்படுவதும்

பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கரையோடு கட்டுவதில்லை. துறையில் இடம் வாங்கினால் வாடகை எகிறும். வெளியே நங்கூரம் போட்டால் செலவு குறைவு, சில இடங்களில் செலவே இல்லை. ஆனால் கரைக்கும் படகுக்கும் நடுவில் இருநூறு முந்நூறு மீட்டர் தண்ணீர் இருக்கும். அதைக் கடக்க ஒரு சின்னப் படகு வேண்டும். அதற்குப் பெயர் டெண்டர். இன்று அது அநேகமாக ஊதிப் பயன்படுத்தும் படகுதான். வெள்ளச் செய்திகளில் பார்த்துப் பழகி நாம் 'ரப்பர் படகு' என்று சொல்கிறோமே, அதன் தம்பி.

நண்பர் ஒருவர் இங்கிலாந்தின் தென்கரையில் பழைய 9 மீட்டர் பாய்ப்படகு ஒன்றை வாங்கினார். கணவன், மனைவி, எட்டு வயதுப் பெண். "டெண்டர் எதை வாங்கலாம்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்றார். எனக்குப் படிக்கிற வேலை என்றால் பிடிக்கும். இரண்டு மாதமாக வாங்கும் வழிகாட்டிகள், ஒப்பீட்டு அட்டவணைகள், படகு இதழ்களின் சோதனைக் கட்டுரைகள் என்று மேய்ந்தேன். அந்த வழிகாட்டிகளைப் பற்றிய விமர்சனம் இது. படகைப் பற்றி எனக்குக் கிடைத்த முடிவும் போகிற போக்கில் வரும்.

முதலில் ஒன்று: இது பொழுதுபோக்குச் சாமான் வாங்கும் விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் உலகத்தையே சுற்றிவந்த மாலுமிகள்கூட இரவு உணவு முடித்துக் கரையிலிருந்து படகுக்குத் திரும்பும் அந்த முந்நூறு மீட்டரில் செத்திருக்கிறார்கள். பெருங்கடலில் உயிர்காப்பு மேலங்கியும் இடுப்புக் கயிறுமாக இருப்பவர், டெண்டரில் சட்டை செருப்போடு ஏறிவிடுவார். பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. டெண்டரிலும் மேலங்கி போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆகவே வழிகாட்டி என்று ஒன்று எழுதினால், அது இந்த இரவுப் பயணத்துக்குப் பதில் சொல்லணும். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை சொல்லவில்லை.

எதை நன்றாகச் சொல்கிறார்கள்

நியாயமாக ஆரம்பிப்போம். துணி விஷயத்தில் இந்த வழிகாட்டிகள் கெட்டிக்காரத்தனமானவை. ஊதுபடகுத் துணி இரண்டு வகை. ஒன்று பி.வி.சி.; மலிவு, மூட்டுகளைச் சூட்டில் உருக்கி ஒட்டலாம், எடையும் குறைவு. வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுத்துப் போகும். இன்னொன்று ஹைபலான், விலை கூட, மூட்டுகள் கையால் பசை தடவி ஒட்டப்படுகின்றன, வெயிலையும் சிந்தும் பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். வெப்பமண்டலத்தில் படகை வருடம் முழுக்க வெளியில் போடுபவர் ஹைபலானுக்குக் காசு கொடுப்பது புத்திசாலித்தனம். இங்கிலாந்தில் ஐந்து மாதம் பயன்படுத்தி மிச்ச நாள் கொட்டகையில் சுருட்டி வைப்பவருக்குப் பி.வி.சி. போதும். இதை எல்லோரும் தெளிவாகவே சொல்கிறார்கள்.

ஒரு சின்ன வேடிக்கை மட்டும் விட்டுப்போகிறது. ஹைபலான் என்பது டூபான்ட் நிறுவனத்தின் வணிகப் பெயர். அவர்கள் அதன் உற்பத்தியை 2010-இலேயே நிறுத்திவிட்டார்கள். அதே வகைச் செயற்கை ரப்பரை வேறு நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பெயர் மட்டும் பழையதே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே 'ஹைபலான்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம்பாமல், துணியை யார் நெய்தது, எத்தனை வருட உத்தரவாதம், மூட்டுக்கும் அந்த உத்தரவாதம் உண்டா என்று கேட்பது நல்லது. இன்னொன்று: இரண்டு துணிக்கும் பசை வேறு வேறு. ஒட்டுப்போடும் பையைத் தப்பாக வாங்கினால் ஒட்டு நிற்காது.

தகட்டில் இருக்கும் '4 பேர்'

படகின் பின்பலகையில் ஒரு தகடு இருக்கும். எத்தனை பேர், எத்தனை கிலோ, எத்தனை குதிரைத்திறன் என்று. ஒப்பீட்டு அட்டவணைகள் இந்தத் தகட்டை அப்படியே நகல் எடுத்துக் கட்டத்தில் போடுகின்றன. 2.6 மீட்டர் படகு, 4 பேர். சரி, நம் குடும்பம் மூன்று பேர், ஒரு விருந்தாளியும் வரலாம், தாராளம் என்று வாசகர் நினைப்பார்.

அந்தத் தகட்டை எப்படிப் படிக்கணும்னு யாரும் சொல்லித்தரவில்லை. ஐரோப்பிய விதிகளில் கணக்குக்காக ஓர் ஆளுக்கு 75 கிலோ. நாலு பேருக்கு 300 கிலோ. ஆள் கனமாக இருந்தால், கையில் தண்ணீர்க் கேன் இருந்தால், கணக்கு மாறிவிடும். அதைவிட முக்கியம், அதே தகட்டில் இருக்கும் ஓர் எழுத்து. சிறிய டெண்டர்களுக்கு அது வழக்கமாக 'டி'. ஐரோப்பிய வரையறைப்படி டி பிரிவு என்றால் காற்று போஃபோர்ட் அளவில் 4 வரை, அலை உயரம் 0.3 மீட்டர் வரை, எப்போதாவது அதிகபட்சம் 0.5 மீட்டர். அதாவது முழங்காலளவு அலைக்கும் குறைவான நீரில் நாலு பேர்.

இங்கிலீஷ் கால்வாய் ஓரத்து நங்கூரத்துறையில், காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே மோதும் ஒரு சாயங்காலம் 0.5 மீட்டர் அலை அதிசயம் ஒன்றும் இல்லை. தகடு பொய் சொல்லவில்லை. அது சொன்ன நிபந்தனையை அட்டவணை வெட்டிவிட்டது. என் விமர்சனத்தின் சாரமே இந்த வெட்டுதான்.

தரையும் காற்றழுத்தமும்

அடித்தளம் நாலு மாதிரி. மரப்பட்டைகள் கோத்துச் சுருட்டும் தரை. மரம் அல்லது அலுமினியப் பலகைகளைப் பொருத்தும் தரை. ஆயிரக்கணக்கான நூல்களால் மேலும் கீழும் இணைத்த, பலகை மாதிரி விறைக்கும் காற்றுத்தரை. கடைசியாக 'ரிப்' என்னும் கெட்டியான அடிப்பாகம் கொண்டது. ரிப் 1960-களில் வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியில் டெஸ்மண்ட் ஹோர் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. கல்லில் தட்டினால் தாங்கும், அலையை வெட்டிப் போகும், வேகம் பிடிக்கும். ஆனால் சுருட்ட முடியாது.

வழிகாட்டிகள் இங்கே எடையையும் விலையையும் கொடுக்கின்றன. அழுத்தத்தைப் பற்றி ஒரு வரிதான்: குழாய்க்கு 0.25 பார், காற்றுத்தரைக்கு 0.8 பார் மாதிரி. அந்த எண் ஒரு நாளைக்குள் எப்படி ஆடும் என்று சொல்ல வேண்டாமா? பள்ளிக்கூட இயற்பியல்தான். 20 டிகிரியில் 0.25 பார் ஊதிய குழாயை வெயிலில் போட்டு உள்ளே 50 டிகிரி ஆனால், குழாய் விரியாது என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் சுமார் 0.38 பாருக்கு ஏறும். ஒன்றரை மடங்கு. மூட்டுக்கு அதுதான் சோதனை. இதன் மறுபக்கம்: 35 டிகிரியில் சூடான கரையில் சரியாக 0.25 ஊதிவிட்டு 25 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் 0.21 ஆகிவிடும். குழாய் தொளதொளக்கும், படகு நடுவில் மடியும், துடுப்பு வலிப்பவரின் பலத்தில் பாதி படகை வளைப்பதிலேயே போய்விடும். ஆகவே தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதணும். வெயிலில் விட்டுப் போகும்போது கொஞ்சம் திறந்துவிடணும். இதற்கு இரண்டு வரி போதும். வால்வு எந்த நிறுவனத்துடையது என்று ஒரு பத்தி எழுதுபவர்கள் இதை எழுதியிருக்கலாம்.

கரீபியன் கண்ணாடி

எஞ்சின் பகுதிக்கு வந்தால் வழிகாட்டிகளின் தொனியே மாறுகிறது. 'டெண்டர்தான் உங்கள் கார்' என்ற கருத்து எங்கும் கேட்கிறது. கார் என்றால் வேகம் வேண்டும். படகு நீரின் மேல் எழும்பிச் சறுக்கிப் போகணும். அதற்கு 3 மீட்டர் ரிப், 10 அல்லது 15 குதிரைத்திறன்.

இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், எழுதுபவர்களில் பலர் கரீபியன் தீவுகளில் வருடக்கணக்கில் படகில் வாழ்பவர்கள். அங்கே இது நியாயம்தான். கடைக்கு இரண்டு கிலோமீட்டர், பவளப்பாறைக்கு மூன்று கிலோமீட்டர், எதிரே நாள் முழுக்க வணிகக் காற்று. தூக்கி வைக்க 13 மீட்டர் படகும் அதன் பின்னால் தூக்கிக் கம்பிகளும் உண்டு. டெண்டர் திருட்டும் அங்கே பெரிய தொல்லை. கரீபியன் கடல் பாதுகாப்பு வலையமைப்பு பதிவு செய்யும் குற்றங்களில் அதுவே முதலிடம். அதனால் இரவில் டெண்டரைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பூட்டுவது அங்கே வழக்கம்.

இதே அறிவுரையை 9 மீட்டர் படகுக்காரர் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? அவரிடம் தூக்கிக் கம்பி இல்லை. முன்தளத்தில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல்தான் இடம். 15 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் 50 கிலோ வரும். ஆடுகிற படகில், இடுப்பு உயரத் தடுப்புக்கு மேலாக, அதை யார் இறக்குவது? டெண்டரைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே போகலாம் என்பார்கள். அமைதியான ஆற்றுமுகத்தில் போகலாம். வெளியே அலை எழுந்தால் அது தண்ணீர் நிரம்பிப் பாறாங்கல் ஆகும். அல்லது காற்றில் கவிழும்.

இரண்டாவது செலவும் உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்றைய பாய்ப்படகுகளில் உள் எஞ்சின் பெரும்பாலும் டீசல். டெண்டர் எஞ்சினுக்காக மட்டுமே பெட்ரோல் ஏற்றுகிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும். ஒரு தீப்பொறி போதும். ஆக, டெண்டர் தேர்வு என்பது தாய்ப்படகுக்குள் எதைக் கொண்டுவருகிறோம் என்ற தேர்வும்கூட.

வேகம் இல்லாமல் சமாளிக்கலாமா? நீரைத் தள்ளிக்கொண்டே போகும் படகின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. 2.2 மீட்டர் நீர்க்கோட்டுக்கு மூன்றரை நாட் கிட்டத்தட்ட எல்லை. இந்த வேகத்துக்கு 2.3 அல்லது 2.5 குதிரைத்திறன் போதும். எஞ்சின் எடை சுமார் 14 கிலோ. ஒரு கையில் பிடித்து இறக்கலாம். இடைப்பட்ட 4, 5, 6 குதிரைத்திறன் எஞ்சின்கள் எடையை இரண்டு மடங்காக்கும். இரண்டு பெரியவர்களும் சாமானும் ஏறினால் படகு எழும்பாது, மூன்றரை நாட்டும் பெரிதாகக் கூடாது. என் கணக்கில் மிகவும் வீணான தேர்வு அதுதான். அட்டவணைகளிலோ 'சமநிலையான தேர்வு' என்ற பட்டம் அதற்கே கிடைக்கிறது!

வேகத்தோடு வரும் இன்னொரு விஷயம், கில் கார்டு. ஓட்டுபவர் காலில் மாட்டும் கயிறு. அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும். 2013 மே மாதம் கார்ன்வாலில், கேமல் ஆற்றுமுகத்தில், ஒரு குடும்பம் முழுதும் ரிப் ஒன்றிலிருந்து தூக்கி எறியப்பட்டது. கயிறு ஓட்டுநரோடு மாட்டப்படவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து அவர்கள் மேலேயே ஏறியது, இருவர் இறந்தார்கள். அது டெண்டரைவிடப் பெரிய படகு. ஆனால் 10 குதிரைத்திறன் சுழலியும் அதே வேலையைச் செய்யும். 'அதிக சக்தி வாங்குங்கள்' என்று சொல்லும் பக்கத்திலேயே இது இருக்கணும்.

யாரும் கேட்காத கேள்வி: வலிக்க முடியுமா?

எல்லா ஊதுபடகோடும் இரண்டு துடுப்பு இலவசமாக வரும். அவற்றின் நீளத்தைப் பார்த்தாலே புரியும், யாரும் அவற்றை நம்பிச் செய்யவில்லை என்று. சோதனைக் கட்டுரைகளில் எஞ்சினோடு எத்தனை நாட் என்று புள்ளி ஒன்றுவரை அளக்கிறார்கள். துடுப்போடு எத்தனை என்ற கட்டம் அநேகமாக எங்கும் இல்லை.

ஆனால் எஞ்சின் நிற்கும். வருடத்தில் பாதி நாள் சும்மா இருந்து, பழைய பெட்ரோலில் கார்பரேட்டர் அடைத்து, ஈரத்தில் நனையும் சின்ன எஞ்சின் நிற்காமல் என்ன செய்யும்? நிற்கும் இடமும் பெரும்பாலும் இருட்டில், நடுவழியில்.

ஒரு சின்னக் கணக்கு. படகுக்கு 400 மீட்டர். எதிரே 1 நாட் நீரோட்டம், ரொம்ப மிதமானது. கெட்டியான சின்ன மரப்படகை நல்ல துடுப்போடு வலித்தால் 3 நாட் வரும். நிகரம் 2 நாட். ஆறரை நிமிடத்தில் போய்ச் சேரலாம். ஊதுபடகில் 1.5 நாட் வைத்துக்கொள்ளுங்கள். நிகரம் அரை நாட், 26 நிமிடம். இதில் எதிர்க்காற்று சேர்ந்தால்? ஊதுபடகு தண்ணீருக்குள் ஒன்றுமே இல்லாமல் தண்ணீருக்கு மேல் முழுக்கக் குழாயாக இருக்கும் சாமான். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாக ஏறும். 10 நாட் காற்று 20 ஆனால் விசை நாலு மடங்கு. அந்த அரை நாட் நிகரம் பூஜ்யமாகி எதிர்மறையாகவும் போகும். அப்போது நீங்கள் வலித்துக்கொண்டே கடலுக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு ஒரு மலிவான மருந்து இருக்கிறது. மடக்கும் சின்ன நங்கூரம் ஒன்று, முப்பது மீட்டர் கயிறு. எஞ்சின் நின்றால் முதலில் அதைப் போடுங்கள். இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். அப்புறம் நிதானமாக எஞ்சினைப் பார்க்கலாம், கூப்பிடலாம். கூடவே ஒரு நல்ல டார்ச்: துடுப்பால் ஓடும் படகு இரவில் மோதலைத் தவிர்க்கும் நேரத்தில் வெள்ளை வெளிச்சம் காட்டணும் என்பது சர்வதேச விதி. பல ஆயிரம் சொற்களில் டெண்டர் 'உபகரணங்கள்' என்று கோப்பை வைக்கும் தட்டு, மீன் தூண்டில் தாங்கி, வெயில் கூரை வரை பட்டியல் போட்டவர்கள் நங்கூரத்தை மறந்தது எனக்கு ஆச்சரியம்.

'அவசரத்துக்கு உயிர்காப்புப் படகும் ஆகும்'

விளம்பர வாசனை உள்ள வழிகாட்டிகளில் இந்த வரி வரும். இதற்குப் பின்னால் ஒரு பெரிய பெயர் இருக்கிறது. 1952-இல் பிரெஞ்சு மருத்துவர் அலன் பொம்பார் 'எரெத்தீக்' என்ற சுமார் 4.6 மீட்டர் ஸோடியாக் ஊதுபடகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். அக்டோபர் 19 அன்று லாஸ் பல்மாஸில் கிளம்பி, டிசம்பர் 23 அன்று பார்படோஸ் சேர்ந்தார். கிட்டத்தட்ட 25 கிலோ எடை இழந்திருந்தார். ஊதுபடகு நம்பக்கூடியது என்ற எண்ணம் உலகில் பரவியதில் அந்தப் பயணத்துக்குப் பெரும் பங்கு.

எதிர்ப்பக்கம் 1972. டூகல் ராபர்ட்சன் குடும்பத்தின் 'லூசெட்' என்ற பாய்க்கப்பல் காலபகோஸுக்கு மேற்கே ஜூன் 15 அன்று ஓர்காத் திமிங்கலங்கள் மோதி மூழ்கியது. ஆறு பேர். அவர்களிடம் ஊதும் உயிர்காப்புத் தெப்பமும், 'எட்னமேர்' என்ற ஒன்பதடிக் கெட்டி டெண்டரும் இருந்தன. தெப்பம் 17 நாளில் கைவிட வேண்டிய நிலைக்கு வந்தது. மிச்ச நாளெல்லாம் ஆறு பேரும் அந்த ஒன்பதடியில். மொத்தம் 38 நாள் கழித்து ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் எடுத்தது.

ஒரு கதையை வைத்து ஊதுபடகே போதும் என்பதும், இன்னொன்றை வைத்து கெட்டிப் படகே உயிர் என்பதும் இரண்டுமே தப்பு. பொம்பாரிடம் இருந்தது தயார் செய்த, பாய் கட்டிய, நம் டெண்டரைவிட இரண்டு மடங்கு நீளப் படகு. முன்தளத்தில் காற்றிறக்கிச் சுருட்டிக் கட்டிய 2.4 மீட்டர் டெண்டரை மூழ்கும் படகில் ஊத எத்தனை நிமிடம் ஆகும் என்று யோசித்தாலே அந்த விளம்பர வரி கழன்று விழுந்துவிடும். டெண்டரை டெண்டராகத்தான் வாங்கணும்.

கெட்டிப் படகுக் கட்சிக்கும் ஒரு வார்த்தை

இதையெல்லாம் படித்துவிட்டு 'அப்போ மரப்படகே வாங்கு' என்று சொல்லும் ஒரு பழைய கட்சி உண்டு. லின், லாரி பார்டி தம்பதி தங்கள் 'டாலேசின்' படகில் லைல் ஹெஸ் வடிவமைத்த எட்டடி 'ஃபேட்டி நீஸ்' வைத்திருந்தார்கள். வலிக்கலாம், பாய் கட்டியும் ஓடலாம். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் கட்சி எழுதும் கட்டுரைகளிலும் ஒரு வெட்டு இருக்கிறது. சின்னக் கெட்டிப் படகின் ஓரத்தில் காலை வைத்தால் சாயும். எட்டு வயதுக் குழந்தை பாய்ப்படகின் ஏணியிலிருந்து எங்கே கால் வைக்கும் என்று சொல்ல முடியாது. ஊதுபடகில் குழாய்மேலேயே உட்காரலாம். தண்ணீரில் விழுந்தவரை அதன் மேலாக உள்ளே இழுக்கலாம். தாய்ப்படகில் இடித்தாலும் சிராய்ப்பு இல்லை. இவையும் உயிர் காக்கும் குணங்கள்தான்.

ஒரு நல்ல வழிகாட்டி எங்கே தொடங்கணும்

என்ன மாடல் என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்விகள் இவை: நங்கூரமிடும் இடத்திலிருந்து கரைக்கு எத்தனை தூரம், எந்தப் பக்கம் நீரோட்டம்? படகில் இருவரில் பலம் குறைந்தவர், மற்றவர் காய்ச்சலில் படுத்திருக்கும்போது, டெண்டரையும் எஞ்சினையும் தனியாக இறக்கி ஏற்ற முடியுமா? எஞ்சின் இல்லாமல், வழக்கமான காற்றில், வழக்கமான சுமையோடு, அதே ஆளால் திரும்பி வர முடியுமா? இவற்றுக்குப் பதில் வந்தால் நீளம், தரை, துணி, குதிரைத்திறன் தானாகவே சுருங்கிவிடும்.

நண்பருக்கு நான் சொன்னது: 2.4 மீட்டர், பி.வி.சி., காற்றுத்தரை. அதைக் கொஞ்சம் காற்றிறக்கி முன்தளத்தில் கட்டலாம். 2.3 குதிரைத்திறன் எஞ்சின். இலவசத் துடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தத் துடுப்புக் கொக்கியில் பொருந்தும் நீளமான ஒரு ஜோடி. சின்ன நங்கூரம், கயிறு, டார்ச். தகட்டில் நாலு பேர் என்று இருந்தாலும் மூன்று பேர். காற்று கூடிய நாளில் இரண்டு நடை. மூன்று மேலங்கிகளும் பெரிய படகில் அல்ல, டெண்டருக்கு ஏறும் இடத்திலேயே தொங்கட்டும்.

"இதுல ஒண்ணும் சுவாரசியமா இல்லையே" என்றார். உண்மைதான். வழிகாட்டிகள் இதை எழுதாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நீண்ட துடுப்பிலும் முப்பது மீட்டர் கயிற்றிலும் விற்பவருக்குப் பெரிய லாபம் கிடையாது. ஆனால் மே மாத இரவொன்றில், எட்டு வயதுப் பெண் தூங்கி வழியும்போது, எஞ்சின் நின்றுபோனால், அந்த இரண்டும்தான் வேலை செய்யும்.